சந்தோஷமா, பாக்கியமா, அதிர்ஷ்டமா?

வானொலியில் வாழ்த்து நேரம் நடத்துபவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடம் ஆகிவிடும். “என்றும் சந்தோஷமா, எல்லாச் செல்வமும் பெற்று நல்லா இருக்கணும்க்கா.” ஒரு வயதுக் குழந்தைக்கும் இதுதான், 80 வயதுப் பாட்டிக்கும் இதுதான். எஸ்பிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற மகனுக்கும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மாமாவுக்கும், புதுவீட்டுக்குக் குடிபோகும் தம்பதிக்கும் இதையே சொல்கிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுருக்கம். ‘ஹேப்பி’ என்று தொடங்கும் ஒரு வரி, கூடவே ஒரு கேக் படம்.

அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், நம் மொழி நம்மிடம் கொடுத்து வைத்திருக்கும் பையைத் திறந்து பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மகிழ்ச்சிக்கும் நற்பேற்றுக்கும் சேர்த்து 20 சொற்களுக்கு மேல் அதில் கிடக்கின்றன. அகராதி இவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி ‘ஒரு பொருள் சொற்கள்’ என்று சொல்லிவிடுகிறது. பேச்சில் இவை ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. “பரீட்சை முடிஞ்சது, நிம்மதி” என்று சொல்லும் பிள்ளையிடம் “பரீட்சை முடிஞ்சது, பாக்கியம்” என்று சொல்லச் சொன்னால் சிரித்துவிடும். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் இலக்கணத்தைத்தான் இந்த வாரம் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு குடும்பங்கள்

இந்தச் சொற்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதல் குடும்பம் மனத்துக்குள் நடப்பதைச் சொல்கிறது: மகிழ்ச்சி, இன்பம், உவகை, களிப்பு, சந்தோஷம், பூரிப்பு, நிறைவு, நிம்மதி. இரண்டாவது குடும்பம் வாழ்க்கையில் வந்து சேர்ந்த நல்லதைச் சொல்கிறது: பேறு, பாக்கியம், யோகம், அதிர்ஷ்டம், திரு, கொடுப்பினை.

நாம் அன்றாடம் புழங்கும் மற்ற இரண்டு மொழிகளில் இந்தக் குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன. ஆங்கிலத்தின் ‘ஹேப்பி’ என்ற சொல், ‘ஹேப்’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. தற்செயலாக வாய்ப்பது, அதிர்ஷ்டம் என்று அதற்குப் பொருள். ‘ஹேப்பன்’, ‘பெர்ஹேப்ஸ்’ எல்லாம் அதன் பிள்ளைகள்தான். ஆக, முதலில் ஹேப்பி என்றால் அதிர்ஷ்டசாலி. பிறகுதான் மகிழ்ச்சியாக இருப்பவர்.

மலாயில் ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி, குறிப்பாக நீடித்து நிற்கும் இல்லற மகிழ்ச்சி. அந்தச் சொல்லை மெதுவாக உச்சரித்துப் பாருங்கள். நம் ‘பாக்கியம்’ காதில் விழும். இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள். மலாய்க்காரர்கள் அதை மனத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். நாம் விதியின் பக்கம் வைத்துவிட்டோம். ‘சுகம்’ என்ற சொல்லும் அப்படித்தான் பிரிந்தது. மலாயில் ‘சுக்கா’ என்றால் விருப்பம். நமக்குச் சுகம் என்றால் முதலில் உடல்நலம். ‘சுகமில்லை’ என்று விடுப்பு எடுக்கிறோம். சிக்கலில்லாமல் குழந்தை பிறந்தால் ‘சுகப்பிரசவம்’ என்கிறோம்.

தமிழின் சொந்த மகிழ்ச்சிச் சொற்களோ அதிர்ஷ்டத்தின் பக்கமே போகவில்லை. அவை நாக்கிலும் வயிற்றிலும் கண்ணிலும் பிறந்தவை. நல்லது நடந்தால்தான் மகிழ வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொற்களின் வேரில் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு முதல் வீட்டுக்குள் போவோம்.

நாக்கு, வயிறு, கண்

‘இன்பம்’ இனிமையின் உறவு. இனிப்பு, இனிய, இன்சொல் எல்லாம் ஒரே வேர். புலன்களால் சுவைக்கப்படுவது இன்பம். அதனால்தான் திருக்குறளின் மூன்றாம் பாலுக்கு இன்பத்துப்பால் என்று பெயர் வைக்க முடிந்தது. துன்பம் என்ற எதிர்ச்சொல்லோடு ஜோடியாக வருவதும் இதுதான். “இன்ப துன்பத்தில் பங்கெடுத்தார்” என்போமே தவிர, அந்த இடத்தில் உவகையையோ களிப்பையோ வைக்க மாட்டோம்.

‘மகிழ்ச்சி’ இன்று எல்லா மேடைகளுக்கும் ஏற்ற நாகரிகமான சொல். “உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி” என்று அமைச்சரும் சொல்லலாம், அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுத் தலைவரும் சொல்லலாம். ஆனால் சங்க காலத்தில் ‘மகிழ்’ என்ற சொல்லுக்குக் கள் என்றும், கள் தரும் மயக்கம் என்றும் பொருள் இருந்தது. மன்னன் தன் சுற்றத்தோடு கள்ளுண்டு மகிழ்ந்திருந்த அவைக்கு ‘நாள்மகிழ் இருக்கை’ என்று பெயர். ‘களிப்பு’ம் அதே கடையிலிருந்து வந்ததுதான். களித்தல் என்றால் கள்ளுண்டு மயங்குதல். இன்பத்துப்பாலில் காதலையும் கள்ளையும் ஒப்பிடும் இடத்தில் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே வருகின்றன. மகிழ்ச்சி காலப்போக்கில் தெளிந்துவிட்டது. களிப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கிறது. ‘வெற்றிக் களிப்பில்’ என்று செய்தியில் வாசிக்கும்போது, வென்றவர்கள் கொஞ்சம் தலைகால் தெரியாமல் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறதல்லவா?

‘உவகை’ இன்று எழுத்தில் மட்டும் வாழ்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் வகைகளை, எட்டாகப் பிரிக்கிறது. அதில் மகிழ்ச்சிக்கு வைத்த பெயர் உவகை. அது பிறக்கும் இடங்களையும் தொல்காப்பியம் நான்காகச் சொல்கிறது: செல்வம், புலன், காதலர் சேர்க்கை, விளையாட்டு. விளையாட்டுக்கு அந்தப் பட்டியலில் இடம் கொடுத்ததை, பிள்ளைகளை ஒரு டியூஷன் வகுப்பிலிருந்து அடுத்த டியூஷன் வகுப்புக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அந்தப் பட்டியலில் இன்னொரு நுட்பம் உண்டு. கல்வி உவகையின் கீழ் வரவில்லை. அது ‘பெருமிதம்’ என்ற வேறு மெய்ப்பாட்டின் கீழ் வருகிறது, வீரம், புகழ், கொடை ஆகியவற்றோடு. மகள் பட்டம் வாங்கும் மேடையைப் பார்த்துக்கொண்டு அப்பா நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாரே, அவருக்குள் இருப்பதை ‘சந்தோஷம்’ என்று சொன்னால் போதவில்லை என்று தோன்றுவது இதனால்தான். அது பெருமிதம். சொல் தயாராகத்தான் இருக்கிறது.

பூரிப்பும் நிறைவும்

‘பூரிப்பு’ நிரம்பி வழிவது. உள்ளே கொள்ளாமல் முகத்திலும் உடம்பிலும் தெரியும் மகிழ்ச்சி. பேரக் குழந்தையை முதல்முறை மடியில் வாங்கும் பாட்டிக்கு வருவது பூரிப்பு. சம்பள உயர்வுக் கடிதம் வந்த ஊழியருக்கு மகிழ்ச்சி வரலாம், பூரிப்பு என்று யாரும் சொல்வதில்லை. பூரிப்புக்கு நடுவில் பெரும்பாலும் இன்னொரு மனிதர் இருப்பார்.

‘குதூகலம்’ சமஸ்கிருதத்தில் ஆவல், அறியும் ஆசை என்ற பொருளில் இருந்த சொல். தமிழுக்கு வந்த பிறகும் அந்த ஆவல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் காரில் ஊருக்குப் போகும்போது பின் இருக்கையில் பிள்ளைகள் போடும் கூச்சல் குதூகலம். மறுநாள் இரவு, பலகாரமும் பட்டாசும் தீர்ந்த பிறகு, அதே பிள்ளைகளிடம் குதூகலம் இருக்காது. இன்பம் இருக்கலாம், களைப்பு கட்டாயம் இருக்கும். வரப்போவதை நினைத்து வருவது குதூகலம்.

‘பரவசம்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘பிறர் வசம் ஆதல்’. தன் வசம் இழப்பது. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் காவடியோடு ஆடும் பக்தருக்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்தும். “புது கைப்பேசி வாங்கியதில் பரவசம்” என்று எழுதினால் சொல்லைக் கொஞ்சம் மலிவாக விற்கிறோம்.

‘சந்தோஷம்’ நம் வீடுகளில் அதிகம் புழங்கும் சொல். பலர் வாயில் அது ‘சந்தோசம்’. மூலமொழியில் அதற்கு இருப்பதைக்கொண்டு நிறைவடைதல் என்று பொருள். யோக நூல்கள் கடைப்பிடிக்கச் சொல்லும் ஒழுக்கங்களில் சந்தோஷமும் ஒன்று. அங்கே அது, போதும் என்று பழகும் மனப்பயிற்சி. நம் பேச்சில் அந்தப் பொருள் முழுதும் போய்விடவில்லை. விருந்துக்கு வந்தவர் மேலும் ஒரு கரண்டி சோறு வேண்டாம் என்று கையை மறித்து, “போதும்மா, ரொம்ப சந்தோஷம்” என்கிறாரே, அது பழைய சந்தோஷம்.

அதன் பக்கத்து வீடு ‘நிறைவு’. ‘நிம்மதி’ இன்னும் இரண்டு வீடு தள்ளி. நிறைவு என்பது வேண்டியது வந்த பிறகு வருவது. நிம்மதி என்பது வேண்டாதது போன பிறகு வருவது. வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வங்கியிலிருந்து வெளியே வருபவருக்கு நிம்மதி. அதே வீட்டின் திண்ணையில் 20 ஆண்டு கழித்துப் பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்த்தால் நிறைவு. பயந்துகொண்டிருந்த மருத்துவ அறிக்கை நல்லபடியாக வந்தால் “வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கு” என்கிறோம். அதுவும் நிம்மதியின் மொழிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் நெகிழ்ச்சியான செய்தி கேட்டால் நெஞ்சு சூடாகும். அவர்களுடைய குளிர்நாட்டில் சூடு ஒரு சுகம். நமக்கு மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம். துயரத்தில் மனம் வேகிறது, பொறாமையில் வயிறு எரிகிறது. ஆண்டு முழுதும் வெயிலில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

வந்தது எங்கிருந்து வந்தது?

இனி இரண்டாவது வீடு. இங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறது: இந்த நல்லது எங்கிருந்து வந்தது? பதில்தான் வேறு வேறு.

‘அதிர்ஷ்டம்’ என்றால் ‘காணப்படாதது’. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் வந்தது. நான்கு இலக்க நம்பர் விழுந்தால் அதிர்ஷ்டம். நூறு பேர் கலந்துகொண்ட குலுக்கலில் நம் சீட்டு வந்தால் அதிர்ஷ்டம். நம் பங்கு அதில் எதுவும் இல்லை.

‘யோகம்’ என்றால் சேர்க்கை. சோதிடத்தில் கிரகங்கள் குறிப்பிட்ட விதமாகச் சேர்ந்து நிற்பது. “அவருக்கு யோகம் அடிச்சிருக்கு” என்றால் நேரமும் இடமும் ஆளும் சரியாகக் கூடி வந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சேர்க்கை கலையும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. யோகத்துக்குக் காலம் உண்டு.

‘பாக்கியம்’ பங்கிலிருந்து வந்தது. பாகம், பாகப்பிரிவினை என்பவற்றில் இருக்கும் அதே பாகம். மலாயின் ‘பஹாகியான்’, அதாவது பகுதி, இதன் தூரத்து உறவு. வாழ்க்கை பந்தி போடுகிறது, உங்கள் இலையில் விழுந்தது உங்கள் பாக்கியம்.

‘கொடுப்பினை’ அதற்கு ஒரு கணக்கு எழுதுகிறது. “கொடுத்து வைத்தவர்” என்றால் முன்பு எப்போதோ, முற்பிறவியிலாவது, கொடுத்து வைத்திருக்கிறார், இப்போது எடுத்துக்கொள்கிறார். வங்கியில் போட்டு வைத்த பணம் மாதிரி.

‘பேறு’ நல்ல தமிழ். பெறு என்பதிலிருந்து வந்தது. பெறுவதற்குக் கை நீட்ட வேண்டும். அதனால் பேற்றில் மனிதனுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பிள்ளை பெறுவதும் பேறுதான், மகப்பேறு. “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க” என்று மணமேடையில் வாழ்த்தும்போது சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது 16 பிள்ளைகள் பற்றிய வாழ்த்து இல்லை, 16 பேறுகள் பற்றியது. பட்டியல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். கல்வி, ஆயுள், நோயின்மை, துணிவு, முயற்சி, வெற்றி, புகழ், நன்மக்கள் முதலியவை பெரும்பாலும் இருக்கும். முயற்சியும் துணிவும் பேறுகளின் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அதிர்ஷ்டத்தின் பட்டியலில் அவற்றுக்கு இடமே கிடையாது.

‘திரு’ இந்தக் குடும்பத்தின் மூத்தவர். செல்வம், சிறப்பு, அழகு, தெய்வத்தன்மை எல்லாம் அதற்குள் அடக்கம். கடிதத்தில் பெயருக்கு முன் ‘திரு’ போடும்போதெல்லாம் நாம் அறியாமலே ஒரு வாழ்த்தைச் சொல்லிவிடுகிறோம். திருமண அழைப்பிதழில் ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருநிறைச்செல்வி’ என்று பார்த்திருப்பீர்கள். வீட்டில் இன்னும் திருமணம் நடக்கவேண்டிய பிள்ளைகள் இருந்தால் திரு வளர்கிறது, கடைசிப் பிள்ளைக்குத் திரு நிறைகிறது என்று இதற்கு விளக்கம் சொல்லும் வழக்கம் உண்டு. அழகான கணக்கு. இதில் யாரும் குறைவதில்லை.

வள்ளுவர் ‘ஊழ்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார், 38ஆவது. ஆக்கம் தரும் ஊழுக்கு ‘ஆகூழ்’, போக்கடிக்கும் ஊழுக்கு ‘போகூழ்’ என்று அங்கே இரண்டு சொற்களைக் கையாள்கிறார். நல்ல ஊழ் வந்தால் அது முதலில் சோர்வில்லாத முயற்சியாகத்தான் தோன்றும், கெட்ட ஊழ் சோம்பலாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. பிறகு 62ஆவது அதிகாரத்தில், அயராத முயற்சி ஊழையும் பின்னுக்குத் தள்ளும் என்கிறார். முயற்சி செய்து முன்னேறிய ஒருவரைப் பார்த்து “லக்குப்பா உனக்கு” என்று சொல்லும்போது, இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் அழித்துவிடுகிறோம்.

அக்கம்பக்கத்து வீடுகள்

இந்த நாட்டில் வாழும் நமக்கு இன்னும் இரண்டு சொற்கள் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில் அன்னாசிப்பழ வடிவில் சிவப்புத் தோரணம் தொங்கும். ஹொக்கியன் மொழியில் அன்னாசி ‘ஓங் லாய்’. செழிப்பு வருகிறது என்பதும் கிட்டத்தட்ட அதே ஒலி. அங்கே நற்பேறு நடந்து வருகிறது, நாம் வாசலை அலங்கரித்து வைத்தால் போதும். யீ சாங் தட்டைச் சுற்றி எல்லா இனத்தவரும் நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் கலக்குவதும் அந்த வரவேற்புதான்.

மலாய் நண்பர்கள் ‘ரெசெக்கி’ என்பார்கள். அரபு மொழியிலிருந்து வந்த சொல். இறைவன் அவரவருக்கு அளந்து வைத்த வாழ்வாதாரம் என்று பொருள். சம்பளமும் ரெசெக்கி, எதிர்பாராமல் கிடைத்த மதியச் சாப்பாடும் ரெசெக்கி, குழந்தையும் ரெசெக்கி. திருமணமாகிச் சில ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாத தம்பதியைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர்கள் வழக்கமாகச் சொல்வது ‘பெலும் அடா ரெசெக்கி’. இன்னும் வரவில்லை. அந்த ‘பெலும்’, அந்த ‘இன்னும்’, கதவைத் திறந்தே வைக்கிறது.

நாம் அதே இடத்தில் என்ன சொல்கிறோம்? “அவங்களுக்குக் குழந்தை பாக்கியம் இல்லை.”

சொல் சுடும் இடம்

மகிழ்ச்சிக் குடும்பத்துச் சொற்களை எதிர்மறையாக்கிப் பாருங்கள். “அவள் மகிழ்ச்சியாக இல்லை.” கேட்டவர் அடுத்து “ஏன், என்னாச்சு?” என்பார். “அவனுக்கு நிம்மதி இல்லை.” இதற்கும் “ஏன்?” என்ற கேள்வி வரும். பேச்சு தொடரும். உதவிக்கும் வழி பிறக்கும்.

பேறு வீட்டுச் சொற்களை எதிர்மறையாக்கினால் கதவு மூடிவிடுகிறது. பாக்கியம் இல்லாதவள். கொடுத்து வைக்காதவன். ராசி இல்லாதவள். அதிர்ஷ்டக்கட்டை. இவற்றுக்குப் பிறகு “ஏன்?” என்று யாரும் கேட்பதில்லை. பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: அவள் பங்கு அவ்வளவுதான், அவன் கணக்கில் இருப்பு இல்லை. மருத்துவரிடம் பேச வேண்டிய ஒரு விஷயம், கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான ஒரு விஷயம், ஒரு பெண்ணின் விதியாகிவிடுகிறது. அவள் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போகத் தயங்குவது இந்தச் சொல்லால்தான்.

‘ராசி’யைப் பாருங்கள். மருமகள் வந்த மாதத்தில் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தால் “அவ ராசி” என்று அத்தை கொண்டாடுகிறார். பாராட்டுத்தான். ஆனால் ஆறு மாதத்தில் அந்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால்? நல்லதற்கு அவள் காரணம் என்றால் கெட்டதற்கும் அவள்தான் காரணம். உயர்வு மகனின் உழைப்பால் வந்தது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டாவது பழிக்கு இடமே வந்திருக்காது.

‘மங்கலம்’ எவ்வளவு நல்ல சொல்! அதன் எதிர்ச்சொல்லை ஒரு மனிதர்மேல் வைத்தவுடன், பெற்ற மகளின் திருமண மேடைக்குக் கீழே, மூன்றாவது வரிசையில் போய் ஓர் அம்மா உட்கார்ந்துகொள்கிறார். கணவரை இழந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக. பல குடும்பங்கள் இன்று அம்மாவைக் கைப்பிடித்து மேடையேற்றுகின்றன. அவர்கள் சடங்கை மாற்றியதற்கு முன்னால் ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.

செய்தி வாசிப்பில் ‘அதிர்ஷ்டவசமாக’ என்ற சொல்லையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. “விபத்தில் ஒருவர் மாண்டார், அதிர்ஷ்டவசமாக மூவர் உயிர் தப்பினர்.” நால்வரின் குடும்பமும் வானொலி கேட்கும். மாண்டவரின் வீட்டில் அந்தச் சொல் எப்படி விழும்? “மூவர் உயிர் தப்பினர்” என்றாலே செய்தி முழுமையாக இருக்கிறது.

அப்படியானால் பாக்கியம், கொடுப்பினை எல்லாம் கூடாத சொற்களா? இல்லவே இல்லை. அவற்றுக்குச் சரியான இடம் ஒன்று இருக்கிறது. நம்மைப் பற்றி நாமே சொல்லும்போது அவை நன்றியாகின்றன. “உங்களிடம் படித்தது என் பாக்கியம்” என்று ஆசிரியரிடம் சொன்னால், என் திறமை மட்டும் காரணமில்லை என்ற அடக்கம் அதில் இருக்கிறது. “இப்படி ஒரு அக்கா கிடைக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும்” என்று சொல்லும் தம்பியின் அன்புக்கு வேறு சொல் ஈடாகாது. இறந்தவர் வீட்டில் “இன்னும் கொஞ்ச நாள் அவரோட இருக்க நமக்குக் கொடுத்து வைக்கல” என்று ஒருவர் அழும்போது, ‘நமக்கு’ என்ற சொல் பாரத்தை எல்லோர் தோளிலும் பிரித்து வைக்கிறது.

அதே சொல் ‘அவளுக்கு’, ‘அவனுக்கு’ என்று திரும்பும்போது தீர்ப்பாகிவிடுகிறது. நமக்கு வந்த நல்லதைப் பாக்கியம் என்போம். அடுத்தவருக்கு வந்த நல்லதை அவருடைய உழைப்பு என்போம். அடுத்தவருக்கு வராததைப் பற்றி, அவராகப் பேசும் வரை, பேசாமல் இருப்போம். இவ்வளவு செய்தால் போதும்.

எந்த நாளுக்கு எந்தச் சொல்?

அடுத்த முறை வாழ்த்து எழுத உட்காரும்போது கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு, “உங்கள் பூரிப்பில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.” பட்டம் பெற்ற மருமகனுக்கு, “உன் உழைப்பைப் பார்த்து எங்களுக்குப் பெருமிதம்.” புதுவீட்டுக்கு, “வளமும் நிறைவும் இந்த வீட்டில் தங்கட்டும்.” நோயிலிருந்து மீண்டவருக்கு, “நீங்கள் நலமாகத் திரும்பியதில் எங்களுக்கு நிம்மதி.” மணிவிழா காணும் அப்பா அம்மாவுக்கு, “உங்கள் பிள்ளைகளாகப் பிறந்தது எங்கள் பாக்கியம்.” வேலை இழந்து மறுபடி வேலை கிடைத்த நண்பருக்கு, “மனசு குளிர்ந்துடுச்சுடா.” ஒவ்வொன்றும் ஒரே வரிதான். ஆனால் வாங்குபவர், இது தனக்காகவே எழுதியது என்று தெரிந்துகொள்வார்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்தச் சொற்கள் வேறொரு வேலையும் செய்யும். “இன்னைக்கு ஸ்கூல்ல ஹேப்பியா இருந்தியா?” என்று கேட்டால் ‘ம்’ என்ற ஒரே பதில்தான் வரும். இன்றிரவு சாப்பிடும்போது, “இன்னைக்கு எது உனக்கு நிம்மதியா இருந்துச்சு? எதுல உனக்குப் பெருமையா இருந்துச்சு? நாளைக்கு எதை நினைச்சா குதூகலமா இருக்கு?” என்று பிரித்துக் கேளுங்கள். பரீட்சைத் தாள் இன்னும் திருத்தி வரவில்லை என்பது நிம்மதியாக இருக்கலாம். தோழியின் சண்டையைத் தீர்த்து வைத்தது பெருமையாக இருக்கலாம். நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டு செய்தியும் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.